உன் மனைக்குப் பின்னால் ஓடும் நாலா

சரவணா,

இதைப் படித்து முடிக்க உனக்கு நேரம் பிடிக்கும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தாயே தவிர, எழுத்து என்று பார்த்தால், சமையலறைத் தரையில் நான் சாக்பீஸால் எழுதிக் காட்டியதோடு சரி. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே இந்திக்குத் தாவி, "ஹோ ஜாயேகா மா, டென்ஷன் மத் லோ", எல்லாம் ஆகிவிடும், கவலைப்படாதே என்று சொல்லி வைத்துவிடுவாய். எனக்கும் இந்தப் பேச்சைப் போனில் முடிக்க வராது. காகிதமென்றால் நீ வேகமாக ஓட முடியாது. நானும் அழுகை வந்தால் பேனாவை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து எழுதலாம். பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டாய். அதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகளும் என்னையும் உன் அப்பாவையும் பூனாவுக்கு வெளியே ஹடப்சருக்கு அப்பால் நீ வாங்கியிருக்கும் மனையைக் காட்டக் கூட்டிப்போனீர்கள். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை வேலை கிடைத்த நாளில்கூட நான் பார்த்ததில்லை. இங்கே ஹால், இங்கே பூஜை அறை, இது உங்க ரூம்மா என்று செருப்புக் காலால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினாய். மாடியில் விழுகிற மழைத் தண்ணீர் எப்படிக் குழாய் வழியாக இறங்கும், ஜல்லியும் மணலும் போட்ட குழிக்குள் எப்படிப் போகும், மிச்சம் எப்படிப் பக்கத்துக் கால்வாயில் சேரும் என்று விளக்கினாய். இதெல்லாம் இப்போது சட்டம், இல்லாவிட்டால் பிளான் பாஸ் ஆகாது என்றாய். பின்பக்க எல்லையில் ஓடும் நாலாவிலிருந்து இத்தனை அடி இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும், அந்த இடத்தில் சுவர்கூட எழுப்பக் கூடாது என்பதையும் நீதான் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை தண்ணீரைப் பற்றி யோசித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் உன் கான்ட்ராக்டர் வந்தார். நல்ல மனுஷன்தான், என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் நாலாவின் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஓடை என்போமே, அதுதான். சித்திரை வெயிலில் காய்ந்து, அடியில் சேம்பு இலையும் பிளாஸ்டிக் பையுமாகக் கிடந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவர் இந்தியில் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. வருஷத்துல எட்டு மாசம் இது காஞ்சுதான் கிடக்கும். பிளான்ல இருக்கற மாதிரி இடம் விட்டுக் காட்டுவோம், வீடு முடிஞ்ச சர்டிபிகேட் வந்ததும் ஒரு பைப்பைப் போட்டு மேல ஸ்லாப் போட்டுடலாம். ரெண்டு கார் தாராளமா நிக்கும். மனைக்கு மண்ணைக் கொட்டி உயர்த்திட்டா, உங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வராது, நான் கேரண்டி."

நீ சிரித்தாய். "எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க" என்றாய். உன் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. காரில் வரும்போது, "என்னம்மா, மனை புடிக்கலையா?" என்று கேட்டாய். கால் வலி என்று சொன்னேன். என் கால் வலிக்கவில்லை.

மழையென்றால் நான் பயப்படுவேன் என்பது உனக்குத் தெரியும். அதை வைத்து நீ என்னைக் கேலி செய்த நாளெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிம்ப்ரியில் நாம் வீடு பார்த்தபோது, கீழ்த்தளம் காற்றோட்டமாக இருந்தும் இரண்டாம் மாடிதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஜூன் பிறந்தால் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, கட்டட வாசலில் சாக்கடைக் கம்பி வலையில் அடைத்த குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்பேன். உன் காலேஜ் சிநேகிதர்கள் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டார்கள். "மா, ப்ளீஸ், உள்ள வா. ஸ்வீப்பர் பண்ணுவான்" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாய். மகர்பட்டாவில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் வானம் இருட்டினால் போன் போட்டுவிடுவேன். "எங்க இருக்க?" "அஞ்சாவது மாடியிலம்மா. இங்க வரைக்கும் தண்ணி வந்தா பூனாவே இருக்காது." அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் நான் அடுப்பைப் பற்ற வைப்பேன். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உனக்கு அப்போது ஆறு வயது. உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மச்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோமே என்று ஒரு தடவை சொன்னாய். அது மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போபோடியில் நாம் இருந்த சந்து உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். ஒரே கூரை, தகரம் போட்டது, அதன் கீழே வரிசையாக அறைகள். உன் அப்பா கட்கி ஆயுதத் தொழிற்சாலைக்கு சைக்கிளில் போவார். குடியாத்தத்துக்காரர்கள் நாம் ஒரு குடும்பம், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இன்னும் சிலர், மற்றவர்களெல்லாம் மராட்டிக்காரர்கள். சந்தின் மேல்கோடியில் ஒரு நாலா. அகலமானது. மழைக்காலத்தில் நுரைத்துக்கொண்டு நம் சந்தின் ஓரமாகவே இறங்கி முளா ஆற்றில் போய்ச் சேரும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அதன் சத்தத்துக்கு விழித்துக்கொள்வேன். "அது பாட்டுக்கு அது போவும், தூங்கு" என்பார் உன் அப்பா. அதுதான் உண்மை. அது பாட்டுக்கு அது போகும். ஒரு வருஷம்கூட நம் வாசல் ஏறியதில்லை.

பிறகு மேலே இருந்த காலி நிலத்தில் ஒரு ஹவுசிங் சொசைட்டி வந்தது. லாரி லாரியாக மண் கொட்டி, அந்த இடத்தை ஆளுயரத்துக்கு மேல் உயர்த்தினார்கள். நாலா அந்த நிலத்துக்கு நடுவில் ஓடியது. அதை ஒரு குழாய்க்குள் விட்டு, மேலே காங்கிரீட் போட்டு, ஸ்கூட்டர் நிறுத்தக் கோடு போட்டார்கள். நிலத்தைச் சுற்றிப் பெரிய சுவர். நமக்கு அப்போது அது நல்லதாகத்தான் பட்டது. நாற்றம் குறைந்தது, கொசு குறைந்தது. முதல் மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. குழாய் தண்ணீரைக் கக்கிக்கொண்டே இருந்தது, நாங்கள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தோம்.

நமக்கு மூன்று அறை தள்ளி, சந்து பள்ளமாக இறங்கும் கோடியில் சுமன் இருந்தாள். உன் வகுப்பில் படித்த வைஷாலியின் அம்மா. உனக்கு வைஷூவை ஞாபகம் இருக்கும், உன் பென்சிலைக் கடித்து வைப்பாளே, என்னைச் சித்தி முறை வைத்துக் காக்கி, காக்கி என்பாளே, அவள்தான். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். சுமன் கட்கியில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்த்தாள். பள்ளி விட்டதும் வைஷூ கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள், அம்மா வந்து குரல் கொடுக்கும் வரைக்கும் திறக்க மாட்டாள். சுமன் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தாள். எனக்கு மராட்டி பேச வந்ததே அவளால்தான். நான் தப்பாகப் பேசினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், அப்புறம் சரியாகச் சொல்லித் தருவாள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. மத்தியானத்துக்கெல்லாம் பள்ளியை விட்டுவிட்டார்கள். உன்னையும் வைஷூவையும் நான்தான் போய் அழைத்து வந்தேன். இடி இடித்தது, குழந்தை தனியாக எப்படி இருக்கும் என்று அவளை அவள் வீட்டுக்கு அனுப்பாமல் நம் வீட்டுக்கே இழுத்து வந்தேன். தலையைத் துவட்டி, உன் சட்டையைப் போட்டுவிட்டு, இருவருக்கும் கடலை மாவு கரைத்து பஜ்ஜி போடலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் வாசல்படிக்கு அடியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் உள்ளே வந்தது. வேகமாகக்கூட வரவில்லை. யாரோ வாளியைச் சாய்த்துவிட்டது போல மெதுவாக வந்தது. நான் ஸ்டவ்வைத் தூக்கி மேலே வைத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கணுக்கால் நனைந்தது. மேலே குழாயின் வாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? மரக்கிளையும் பிளாஸ்டிக்கும் எருமைக் கொட்டகை வைக்கோலும் போய் அடைத்து, தண்ணீர் உயர்த்தின நிலத்தில் ஏற முடியாமல் அந்தப் பெரிய சுவருக்குப் பின்னால் குளமாக ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் சந்துக்கு வந்தது கசிவு மட்டும்தான்.

உங்கள் இருவரையும் கூரைக்கு அடியில் பலகை போட்டிருந்த மச்சில் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். மழை தகரத்தில் அடித்த சத்தத்தில், பக்கத்தில் இருந்த உன் பேச்சே எனக்குக் கேட்கவில்லை. மச்சை ஒட்டி ஒரு ஜன்னல், கம்பி போட்டது, கை அகலம்தான் இருக்கும். அதன் வழியாகச் சந்து தெரிந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர். அதில் சுமன் வந்துகொண்டிருந்தாள். மழையைப் பார்த்து வேலையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, நம் கதவைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கமாகப் போனாள். வாய் அசைந்தது. வைஷூ, வைஷூ என்றுதான் கூப்பிட்டிருப்பாள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு குழந்தை தனியாக இருக்கிறது என்றுதானே அவளுக்குத் தெரியும்.

நான் கத்தினேன். "சுமன்! இக்டே ஆஹே! இங்கதான் இருக்கா! என்கிட்டதான் இருக்கா!" மராட்டியில் கத்தினேன், தமிழில் கத்தினேன், கம்பிக்கு வெளியே கையை விட்டு ஆட்டினேன், தட்டை எடுத்துக் கம்பியில் அடித்தேன். அவள் திரும்பவில்லை. இறங்கி ஓடலாமென்று ஒரு காலைக் கீழே வைத்தேன். நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டாய். வைஷூ, "ஆயி வந்துட்டாளா காக்கி?" என்று கேட்டாள். "வந்துட்டா, இதோ வந்துடுவா" என்றேன். அந்த நேரத்தில் மேலே சொசைட்டிப் பக்கம் ஒரு சத்தம். இடி என்று நினைத்தேன். சுவர்.

அதற்கப்புறம் சந்தில் தண்ணீர் இல்லை சரவணா, ஆறுதான் இருந்தது. மச்சுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம் விட்டு அது ஓடியது. நான் பார்த்தபோது சுமன் நின்ற இடத்தில் ஒரு கதவு மிதந்து போயிற்று. உங்கள் இருவரின் முகத்தையும் என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். மச்சில் வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். நீங்கள் இருவரும் தின்றீர்கள். வைஷூ தன் அம்மாவுக்கென்று இரண்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

சுமன் தண்ணீர் வடிந்த பிறகு ஆற்றோரம் கிடைத்தாள். அவளைத் தூக்கி வந்தவர்களில் உன் அப்பாவும் ஒருவர். அவர் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வைஷூவை அவள் அப்பா சாத்தாரா பக்கம் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார். அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள், பெரிய ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள் என்று உன்னிடம் சொன்னேன். அதற்கு மேல் நீ கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினாயே என்று எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். காப்பாற்றினேன்தான். ஆனால் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால், இன்றைக்கும் என் வாய் தானாகத் திறக்கிறது, இக்டே ஆஹே என்று கத்துவதற்கு.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன் என்று நினைக்காதே. இன்னொன்று இருக்கிறது. நாங்கள் சேறு வாரிக்கொண்டிருந்தபோது அந்தச் சொசைட்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். பேங்க் உத்தியோகம், நடுத்தர வயது. கை நிறையப் போர்வை, அவர் மனைவியின் கையில் ஒரு டப்பா நிறையச் சப்பாத்தி. எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது தாயி" என்று மராட்டியில் சொன்னார். "வீடு வாங்கறப்போ இங்க நாலா ஓடிச்சுன்னே யாரும் சொல்லல. மழை பெஞ்சப்போ ஜன்னல்ல நின்னு டீ குடிச்சிட்டிருந்தோம். எங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல தாயி, ஒரு சொட்டு வரல." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டார். நாங்கள் அவரைத் திட்டவில்லை. யாருக்கும் திட்டத் தெம்பில்லை. பிறகு கொஞ்ச நாளில் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து அளந்தார்கள், ஸ்லாப்பை உடைத்து நாலாவை மறுபடி திறந்துவிட்டார்கள். எல்லாம் நடந்தது. சுமன் மட்டும்தான் இல்லை.

உன் கான்ட்ராக்டர் போன ஞாயிற்றுக்கிழமை அதே வார்த்தையைத்தான் சொன்னார். உங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வராது. அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். அதுதான் என் பயம். இத்தனை வருஷமும் தண்ணீர் உன்னைக் கொண்டுபோய்விடுமோ என்று பயந்தேன், அதற்காகத்தான் மாடி, குச்சி, போன் எல்லாம். இப்போது உன் வீடு நனையாது, நீ ஜன்னலில் நின்று டீ குடிப்பாய், கீழே எங்கேயோ ஒருத்தி தன் பிள்ளையைத் தேடிப் போவாள். இப்படி ஒரு பயம் எனக்கு வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "இன்னாத்துக்கு அவன் சந்தோசத்துல மண்ணப் போடற? இது வேற எடம், வேற நாலா" என்றார். சரி, வேறு இடம்தானே, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று புதன்கிழமை நான் மட்டும் பஸ் பிடித்துப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. உன் மனையிலிருந்து நாலாவின் கரையோடு கீழ்நோக்கி நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே நாலா ஒரு வளைவு திரும்புகிறது. நாம் காரிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த வளைவில் தகரமும் தார்ப்பாயுமாக ஒரு வரிசை வீடுகள். சின்ன வயதுக்காரி ஒருத்தி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே புடவைத் தொட்டிலில் குழந்தை. வெயிலில் நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "பசா மாவ்ஷி", உட்காருங்க பெரியம்மா என்று தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

குடித்துவிட்டு, "மழைக்காலத்துல இங்க தண்ணி ஏறுமா?" என்று மராட்டியில் கேட்டேன்.

"வாசப்படி வரைக்கும் வரும் மாவ்ஷி. ஒரு வருஷமும் அதைத் தாண்டினதில்ல" என்றாள். காலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். வாசல்படியில் பழைய சேற்றுக்கோடு தெரிந்தது. அதற்கு மேலே தொட்டில் தொங்கியது. நடுவில் எவ்வளவு இடைவெளி என்று என் கண் தானாக அளந்தது.

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "மேல யாரோ புதுசா பங்களா கட்டப் போறாங்களாம். அஸ்திவாரம் தோண்ட ஆள் வேணும்னாங்க. எங்க வீட்டுக்காரர் போய்ப் பேசிட்டு வந்துட்டார். மழைக்கு முன்னாடி வேலை கிடைச்சா நல்லதுதானே?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு மாவ்ஷி? இங்க யாரைத் தேடி வந்தீங்க?" என்று கேட்டாள்.

பிம்ப்ரியிலிருந்து வருகிறேன், வழி தவறிவிட்டேன் என்று சொன்னேன். அவள் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்து வழி காட்டினாள், அவசர அவசரமாக, குழந்தை எழுந்துவிடப்போகிறதே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ் ஏறின பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தொட்டில் எந்த உயரத்தில் தொங்குகிறது என்பது உட்பட. அவர் எழுந்து போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்து வைத்தார். அப்புறம் "எழுது. அவனுக்கு எழுதிக் குடு" என்றார்.

எழுதிவிட்டேன். உன்னை வீடு கட்டாதே என்று நான் சொல்லவில்லை கண்ணு. கட்டு. நீ ஆசைப்பட்ட மாதிரி கட்டு. சட்டத்தில் விடச் சொன்ன இடத்தை உண்மையாகவே விடு, சர்டிபிகேட் வந்த பிறகும் விடு. நாலாவின் மேல் கை வைக்காதே. கார் தெருவில் நிற்கட்டும், வெயில்பட்டு நிறம் போனால் போகட்டும். சட்டத்தைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள், வந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்று கான்ட்ராக்டர் சொல்வார். பார்க்க வருவது அவர்களில்லை சரவணா, மழை. அதனிடம் யாரும் பேசிச் சமாளிக்க முடியாது. கான்ட்ராக்டரிடம் இதைச் சொல்ல உனக்குச் சங்கடமாக இருந்தால், என் அம்மா பைத்தியம், மழையென்றால் பயம், அவளுக்காகத்தான் என்று சொல். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பூஜைக்கு நான் வருவேன். ஆனால் ஐயர் வருவதற்கு முன்னால், வெயில் ஏறுவதற்குள், நீயும் நானும் அந்த வளைவு வரைக்கும் நடந்து போக வேண்டும். அந்தப் பெண் மறுபடி கேட்பாள், நீங்க யாரு மாவ்ஷி என்று. இந்தத் தடவை நான் பொய் சொல்ல மாட்டேன். மேலே வீடு கட்டுகிறவனின் அம்மா என்றுதான் சொல்வேன். அதைக் கேட்ட பிறகு அவள் என் முகத்தைப் பார்த்து நிம்மதியாகச் சிரிக்க வேண்டுமா, பயந்து தொட்டிலைத் திரும்பிப் பார்க்க வேண்டுமா, அதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

அம்மா